மலைமுகட்டில் ஸாலிம் அலி எழுதிய சாட்சியம்

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு வானத்தின் பாதியை மறைத்து நிற்கும் ஒரு நீல மதில் தெரியும். அம்மதிலைக் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏறிச் சென்று, ஏலமும் மிளகும் வாங்கி விற்ற இராவுத்தர் குடும்பங்கள் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுக்கு அம்மலை ஒரு வாணிபக் களம். மழையும் அட்டைக்கடியும் குளிர்காய்ச்சலும் நிறைந்த அந்தக் களத்தில், எந்தப் பறவை எவ்விடத்தில் வாழ்கிறது, எவ்விடத்தோடு நின்றுவிடுகிறது என்று குறித்து வைக்க வேண்டுமென்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றாமற்போனதில் வியப்பில்லை. அந்த எண்ணம் ஒன்றை மட்டுமே உடைமையாகக் கொண்டு 1933ஆம் ஆண்டு அம்மலைக்கு வந்தார் ஒருவர். அவர் எழுதிவைத்தவற்றைப் பற்றியும், அவற்றை இன்று எடுத்துப் படிக்கும்போது நம் நெஞ்சை உறுத்தும் ஓர் இழப்பைப் பற்றியும் இங்கே கூற விழைகிறேன்.

அவர் பெயர் ஸாலிம் அலி. நம்மவர் பலர் ‘ஸலீம் அலி’ என்றே எழுதி வருகின்றனர். தம் பெயர் ஸாலிம் என்பதை உணர்த்துவதற்காக அவர் ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் உயிரெழுத்தின் தலையில் ஒரு கோடு இட்டு எழுதுவார். சிறு நுணுக்கந்தான். ஆயினும் ஒரு கோட்டை விட்டால் பெயர் வேறாகிவிடும் என்று கருதிய மனம், ஒரு மலையின் உயரத்தைக் குறிக்கத் தவறினால் பறவையும் வேறாகிவிடும் என்று கருதியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் ஸுலைமானி போஹ்ரா குடும்பமொன்றில் கடைசிக் குழந்தையாகப் பிறந்தவர் அவர். ஒரு வயதில் தந்தை மறைந்தார். மூன்று வயதில் தாயும் மறைந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். மாமனோ வேட்டையில் வல்லவர். சிறுவர் கைகளில் காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஒருநாள் அச்சிறுவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் பூசியதுபோல் ஒரு திட்டு. இத்தகைய குருவி முஸ்லிம்கள் உண்பதற்கு ஆகுமானதா என்ற ஐயம் அவனுக்கு எழுந்தது. அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டியதை மாமனிடம் கொண்டுபோனான். மாமனுக்கும் அது இன்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளரான மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்டு அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறியதோடு நில்லாமல், இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து, பாடம் செய்யப்பட்ட நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். ஹலாலா என்று கேட்கப்போன ஒரு கேள்வி ஒரு வாழ்க்கையையே திருப்பிவிட்டது. பின்னாளில் அவர் மதச் சடங்குகளில் ஈடுபாடு உள்ளவராகத் தம்மைக் காட்டிக்கொண்டவர் அல்லர். அதனை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தெரிந்தவரிடம் போய்க் கேட்கும் அந்த முதல் பண்பு அவரிடம் கடைசிவரை மாறவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளை விரைந்து கடப்போம். பர்மாவில் தவாய் நகரில் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கச் சென்றார். தொழிலைவிடக் காட்டையே மிகுதியாகக் கவனித்தார் எனலாம். 1918ஆம் ஆண்டு தெஹ்மினா பேகத்தை மணந்தார். 1926ஆம் ஆண்டு பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்குநராக அமர்ந்தார். 1929ஆம் ஆண்டு பெர்லின் சென்று எர்வின் ஸ்ட்ரேஸ்மன் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். இறந்த பறவையின் இறகை அளப்பது மட்டும் அறிவியலன்று, உயிருள்ள பறவை எங்கே எவ்வாறு வாழ்கிறது என்று காண்பதும் அறிவியலே என்னும் பாடத்தை அங்கே கற்றார். 1930இல் திரும்பி வந்தபோது அவருடைய வேலை பணமில்லையென்று நீக்கப்பட்டிருந்தது. பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் போய்த் தங்கி, தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையே அவருக்குப் புகழ் தேடித்தந்த முதல் ஆய்வாயிற்று என்பது வேறு கதை.

வேலையில்லாத அம்மனிதர் சுதேச சமஸ்தானங்களின் முன் ஒரு கோரிக்கையை வைத்தார். உங்கள் நாட்டுப் பறவைகளை நான் ஆராய்ந்து எழுதித் தருகிறேன். எனக்கு ஊதியம் வேண்டாம். கூடாரச் செலவும் வண்டிச் செலவும் மட்டும் கொடுத்தால் போதும் என்பதே அது. ஹைதராபாத் முதலில் இணங்கியது. அடுத்து இணங்கியவை திருவிதாங்கூரும் கொச்சியும். அவ்வாறுதான் 1933ஆம் ஆண்டு மேற்கு மலைத்தொடரின் தென்பகுதி முழுவதையும் அவர் நடந்து பார்க்க நேர்ந்தது.

அவர் கூடாரமடித்த ஊர்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே அம்மலையின் உருவம் கண்முன் எழும். சந்தன மரங்கள் வளரும் மழைமறைவுப் பள்ளத்தாக்கான மறையூர், தேயிலை சூழ்ந்த மூணாறு, ஏலக்காடுகளின் நடுவே சாந்தன்பாறை, பெரியாற்றின் கரையில் தட்டேக்காடு, நம் கம்பத்தார் நன்கறிந்த குமுளி, பீருமேடு, தென்மலை, ஆரல்வாய்மொழி, முடிவில் கன்னியாகுமரி. கொச்சிப் பகுதியில் நெல்லியாம்பதியும் குரியார்குட்டியும். குரியார்குட்டி அடர்ந்த காட்டின் நடுவே இருந்த ஒரு டிராம் நிலையம். பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகக் கொச்சி அரசு அமைத்த இருப்புப்பாதை அது; 1963ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. மூணாறோ 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் தன் சிறு இரயில் பாதையை இழந்து, அந்தத் தழும்பு ஆறாமல் இருந்த காலம்.

அப்பயணங்களில் தெஹ்மினா பேகமும் உடன் சென்றார். இங்கிலாந்தில் படித்தவர், உருதுக் கவிதையில் தோய்ந்தவர். அத்தகைய பெண்மணி கூடாரத்தில் தங்கி, அட்டைகள் மொய்க்கும் காட்டுப் பாதையில் கணவரோடு நடந்தார் என்பதை நம் குடும்பப் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1939ஆம் ஆண்டு ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் காலமானார். ஸாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அக்காலத்தில் பறவையாய்வு என்பது எவ்வாறு நடந்தது என்பதையும் கூறிவிட வேண்டும். விடியுமுன் எழுவார். பைனாகுலர் ஒரு தோளிலும் துப்பாக்கி மறு தோளிலும் தொங்கும். ஆம், துப்பாக்கிதான். ஐயத்துக்கிடமான பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்து, உட்புறம் நச்சுமருந்து தடவி, பஞ்சு அடைத்துப் பாடம் செய்வார்கள். அதன் காலில் ஒரு சீட்டைக் கட்டுவார்கள். இடம், நாள், கடல்மட்டத்திலிருந்து உயரம், ஆணா பெண்ணா, இனப்பெருக்கக் காலமா இல்லையா என்பனவெல்லாம் அச்சீட்டில் இருக்கும். கண்ணின் நிறத்தையும் அலகின் நிறத்தையும் உடனே எழுதிவிட வேண்டும். உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் அவை மங்கிவிடும். தோல்கள் இங்கிலாந்திலிருந்த ஹியூ விஸ்லர் என்பவருக்குப் போகும். பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அவ்வறிஞர் அவற்றை ஒப்பிட்டு இனம் பிரிப்பார். உயிருள்ள பறவையின் பழக்கவழக்கங்களை ஸாலிம் அலி எழுதுவார். இருவர் உழைப்பும் இணைந்து 1935ஆம் ஆண்டு முதல் பம்பாய்க் கழகத்தின் இதழில் தொடராக வெளிவந்தது. 1953இல் திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகள் என்று நூலாயிற்று. 1969இல் கேரளப் பறவைகள் என்று விரிந்தது.

பறவைகளைக் காத்த பெருமகனாரே பறவைகளைச் சுட்டாரா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர் இதனை ஒருபோதும் மறைத்ததில்லை. வீண் கொலையை வெறுத்தார். அறிவுக்குத் தேவையான கொலையைத் தவிர்க்க இயலாதது என்று கருதினார். இன்றைய நம் மனம் இதில் முழுவதும் அமைதி கொள்வதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தச் சீட்டுகள் இல்லாதிருந்தால், 1933இல் அம்மலையில் என்ன இருந்தது என்று சொல்ல இன்று நம்மிடம் சான்று மிகச் சிலவே இருந்திருக்கும்.

சீட்டு பொய்யானால் என்னாகும் என்பதற்கும் அவர் வாழ்க்கையிலேயே ஒரு சான்று உண்டு. 1937ஆம் ஆண்டு கர்னல் மைனர்ட்ஸ்ஹாகன் என்னும் ஆங்கிலேயரோடு ஸாலிம் அலி ஆப்கானிஸ்தான் சென்றார். பறவையியலில் அந்தக் கர்னலுக்கு அப்போது பெரும் பெயர். 1990களில்தான் உண்மை வெளிப்பட்டது. பிறர் சேர்த்த தோல்களைத் திருடிப் பொய்ச் சீட்டுக் கட்டித் தம் தொகுப்பில் அவர் சேர்த்திருந்தார். காட்டு ஆந்தை ஒன்றை 1914இல் குஜராத்தில் பிடித்ததாக அவர் எழுதிய பொய்யை நம்பி, அவ்விடத்தில் தேடியவர்கள் ஏமாந்தார்கள். அந்த ஆந்தை அழிந்தே போயிற்று என்று உலகம் முடிவு கட்டியது. பொய்ச் சீட்டைத் தள்ளிவிட்டுப் பழைய உண்மைச் சீட்டுகளை மட்டும் நம்பிச் சென்றவர்கள் 1997ஆம் ஆண்டு சாத்பூரா மலையடிவாரத்தில் அதனை உயிரோடு கண்டார்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதிய ஊர்ப்பெயருக்கு இத்தனை வலிமை உண்டு.

இனி மலைமுகட்டுக்கு வருவோம். தபதி ஆற்றின் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் இத்தொடரின் மிக உயர்ந்த பகுதிகள் நம் பக்கத்திலேயே உள்ளன. மூணாற்றுக்கு அருகேயுள்ள ஆனைமுடி 2,695 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேலே சென்றால் காட்சியே மாறிவிடும். குன்றுகளின் மேற்பரப்பு முழுவதும் புல். குன்றுகள் கூடும் மடிப்புகளில் மட்டும், நீரோடையை அணைத்தாற்போல், குட்டையான மரங்கள் நெருங்கிய சிறுகாடு. அதனையே நாம் சோலை என்கிறோம். தமிழ் இலக்கியத்தில் பூங்காவனத்துக்கும் வழங்கும் அச்சொல், இம்மலைகளில் இக்காட்டுக்கே உரிய பெயராகி, அறிவியல் நூல்களிலும் அப்படியே ஏறிவிட்டது. குளிர்கால இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழுவதால் அங்கே மரக்கன்று பிழைப்பதில்லை என்பர். தீயும் காற்றும் காரணமென்றும் கூறுவர். எப்படியாயினும் இப்புல்வெளி காடு வெட்டியதால் உண்டானதன்று. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குப் புல்லினங்கள் இருந்ததைக் காட்டியது.

சோலைக்குள் வாழும் பறவை புல்வெளிக்கு வராது. புல்வெளிப் பறவை சோலைக்குள் நுழையாது. கருப்பும் ஆரஞ்சுமாக நெருப்புத் துண்டு போன்ற சிறிய ஈப்பிடிப்பான் சோலையின் அடித்தூறுகளில் தாழப் பறந்து திரியும். கூட்டமாகச் சேர்ந்து வாய்விட்டுச் சிரிப்பதுபோல் கத்தும் சிரிப்பான்கள் சோலையின் விளிம்புகளில் பழம் தின்னும். சோலைக்கிளி என்று மலைமக்கள் அழைக்கும் ஒரு நீலநிறச் சிறு பறவை, பெயரில் கிளியாயினும் கிளியன்று, ஈரத் தரையில் தத்தித் தத்திப் புழு தேடும். புல்வெளியிலோ நீலகிரி நெட்டைக்காலி என்னும் பழுப்புநிறச் சிறு பறவை. அழகென்று சொல்ல அதனிடம் எதுவுமில்லை. பாறைச் சரிவுகளில் வரையாடு. பாசிபிடித்த நீரோடையில் சீகாரப் பூங்குருவி. விடியற்காலத்தில் அதன் சீழ்க்கையைக் கேட்டவர் யாரோ மனிதர் பாட்டிசைத்துப் போகிறார் என்றே திரும்பிப் பார்ப்பர்.

இவற்றுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் தந்தவர்களுள் ஜெர்டன் என்னும் மருத்துவர் முதன்மையானவர். 1836ஆம் ஆண்டு சென்னை இராணுவத்தில் உதவி மருத்துவராகப் பணியேற்ற அவர், உதகையில் திருமணத் தொடர்பு கொண்டு நீலகிரியை நன்கறிந்தார். நீலகிரிச் சிரிப்பானும், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானும், நீலகிரிச் சோலைக்கிளியும் அவரால் விவரிக்கப்பட்டது சென்னையில் வெளிவந்த ஓர் இதழில். அவர் நூலுக்காகப் பறவைகளை வரைந்த நம் நாட்டு ஓவியர்களின் கைத்திறன் போற்றப்படுகிறது. பெயர்களோ பெரும்பாலும் மறக்கப்பட்டன. அவ்வாறே ஸாலிம் அலிக்கு வழிகாட்டிய முதுவரும் காடரும். எந்த மரப்பொந்தில் இருவாச்சி தன் பேடையை மண்பூசி அடைத்து வைத்திருக்கிறது என்பதைப் பம்பாயிலிருந்து வந்தவர் தாமாகவே கண்டிருக்க முடியாது.

ஸாலிம் அலியின் தனிச்சிறப்பு யாதெனில், அவர் பறவையைப் பார்த்தது போலவே பறவை இல்லாத இடத்தையும் பார்த்தார். நீலகிரிக்குத் தெற்கே மலை அறுந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. அதற்கப்பால் ஆனைமலையும் பழனிமலையும். மேலும் தெற்கே செங்கோட்டைக் கணவாய். அதற்கப்பால் அகத்தியமலை. ஒவ்வொரு கணவாயிலும் வெப்பமான தாழ்நிலம். உச்சியின் குளிரில் பழகிய சிறு பறவை அதனைக் கடப்பதில்லை. எனவே கீழிருந்து ஒரே மதிலாகத் தோன்றும் மலை, பறவைகளின் கணக்கில் கடலில் சிதறிய தீவுகளே ஆகும். ஒரு தீவின் சிரிப்பானுக்கும் மறு தீவின் சிரிப்பானுக்கும் நிறத்தில் சிறு வேறுபாடுகள் இருப்பதைப் பழைய ஆய்வாளர்கள் கண்டிருந்தனர். ஸாலிம் அலியும் தில்லன் ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞரும் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலில் அவை இரண்டு இனங்களாகவும் அவற்றின் கிளைகளாகவும் வகுக்கப்பட்டிருந்தன.

அந்தச் சிறு வேறுபாட்டின் ஆழம் பின்னரே தெரிந்தது. வி.வி. ராபின் முதலிய ஆய்வாளர்கள் இப்பறவைகளின் மரபணுக்களை மலைதோறும் சேகரித்து ஒப்பிட்டனர். கணவாய்களின் இருபுறத்துப் பறவைகளும் மிக நெடுங்காலமாகக் கலப்பின்றிப் பிரிந்து வாழ்ந்து வருகின்றன என்பது தெளிவாயிற்று. 2017ஆம் ஆண்டு சிரிப்பான்கள் நான்கு தனி இனங்களாகக் கொள்ளப்பட்டன. வடக்கே பாணாசுர மலைக்கு ஒன்று, நீலகிரிக்கு ஒன்று, பழனி-ஆனைமலைக்கு ஒன்று, அகத்தியமலைக்கு ஒன்று. சோலைக்கிளிகளுக்குப் புதிதாக ஒரு பேரினப் பெயரே சூட்டப்பட்டது: ‘ஷோலிகோலா’. சோலையில் வாழ்வது என்று பொருள். இலத்தீன் வாலோடு ஒட்டிய அத்தமிழ்த் தலையை உலகமெங்கும் உள்ள பறவையியலார் இன்று எழுதுகின்றனர். வரையாட்டின் கதையும் இத்தகையதே. இமயமலையில் உள்ள ஆட்டின் தம்பியாகவே அதனை நெடுநாள் கருதினர். 2005ஆம் ஆண்டு மரபணு ஆய்வு அது செம்மறியினத்துக்கே நெருங்கியது என்று காட்டியது. ஆக, தென்மலையில் தன்னந்தனியே நிற்கும் ஒரு குலம் அது.

தீவில் வாழும் உயிருக்குத் தப்பியோட வேறிடமில்லை. இங்கேதான் நான் முதலில் குறிப்பிட்ட இழப்பு வருகிறது.

காட்டை வெட்டித் தேயிலை வைத்த கதையை யாவரும் அறிவர். கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்பவர் 1877ஆம் ஆண்டு பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகைக்குப் பெற்றதிலிருந்து அது தொடங்கிற்று. ஆனால் மலைமுகட்டில் நிகழ்ந்த மற்றொரு அழிவு எவர் கண்ணையும் உறுத்தவில்லை. ஏனெனில் அது மரம் நடுதல் என்னும் நற்செயலின் உருவில் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் கற்பூர மரமும் முதலில் விறகுக்காக நடப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பின்னர், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளின் கூழுக்காகவும் பரந்த அளவில் புல்வெளிகளின் மேல் நடப்பட்டன. புல்வெளி அரசின் கணக்கில் தரிசு. தரிசில் மரம் நடுவதை யார் குறை கூறுவர்? சீகையோ நட்ட இடத்தில் நிற்கவில்லை. விதை சிந்தித் தானாகவே பரவியது. பழனிமலையில் 1973ஆம் ஆண்டுக்கும் 2014ஆம் ஆண்டுக்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2018இல் அறிவித்தது.

கோடைக்கானலுக்கு மேலே மன்னவனூர் செல்லும் வழியில் ஒருமுறை என் உறவினர் ஒருவர், இருபுறமும் ஓங்கிய மரங்களைக் காட்டி, ‘என்ன பசுமை, மாஷா அல்லாஹ்!’ என்று வியந்தார். நானும் வியந்தேன். நாங்கள் வியந்தது ஒரு கல்லறையின் மேல் வளர்ந்த மரங்களை என்று அன்று எனக்குத் தெரியாது. அம்மரங்களின் கீழே பறவையொலி எதுவும் கேளாததை மட்டும் ஏனோ நினைவில் வைத்திருக்கிறேன். நீலகிரி நெட்டைக்காலிக்கு மரநிழலில் வாழத் தெரியாது. அதற்குப் புல் வேண்டும். அதுவும் அந்த உயரத்துப் புல் வேண்டும். அவ்வுயரத்துக்கு மேலே வானந்தான் உண்டு. அழகில்லாத அந்தப் பறவைக்காக எவரும் ஊர்வலம் போகவில்லை. எங்கெங்கே அது இருந்தது என்று பழைய பறவைநோக்கர்கள் எழுதிவைத்திராவிட்டால், எங்கெங்கே அது இல்லாமற்போயிற்று என்று இன்று ஒருவராலும் கேட்கக்கூட இயலாது.

புல்வெளிக்குக் கிடைக்காத வாதம் காட்டுக்குக் கிடைத்தது. பாலக்காட்டு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணைகட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டபோது, அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் காடு நீரில் மூழ்கவிருந்தது. கேரளத்தில் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் கவிஞர்களும் எதிர்த்தெழுந்தனர். 80 வயதைக் கடந்துவிட்ட ஸாலிம் அலி அங்கே நேரில் சென்று பார்த்துத் திட்டத்தைக் கைவிடுமாறு வேண்டினார். சிங்கவால் குரங்கு வாழும் காடுகள் எஞ்சியவை எத்தனை என்பதை அறிந்தவர் குரல் அது. 1984ஆம் ஆண்டு அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மின்சாரம் வேண்டுமென்று கேட்ட மலபார் மக்களின் தேவையும் பொய்யன்று. அவர்களுக்கு மறுமொழி கூறாமல் காட்டை மட்டும் பேசியவர்களிடம் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் மின்சாரத்தை வேறிடத்திலும் எடுக்கலாம் என்ற விடை இருந்தது. அக்காட்டுக்கு அந்த விடை இல்லை.

மூணாற்றுப் பக்கத்தில் இரவிகுளம் தப்பிய கதை சற்று விந்தையானது. ஆங்கிலத் தோட்டத்துரைமார் வேட்டையாடுவதற்காகவே ஒரு சங்கம் வைத்து அந்தப் புல்வெளியைத் தேயிலையாக்காமல் காத்தனர். வரையாட்டைச் சுடுவதற்கு வரையாடு இருக்க வேண்டுமே! அவர்களின் தன்னலத்தால் எஞ்சிய அவ்விடம் 1975இல் சரணாலயமாகி 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. ஏறத்தாழ 97 சதுரகிலோமீட்டர். இன்று இராஜமலைக்குச் சுற்றுலா செல்வோர் சாலையோரத்தில் நின்றே வரையாட்டைக் காணலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான அதனைத் தமிழக மலைகளில் 2024ஆம் ஆண்டு எண்ணியபோது 1,031 இருந்தன.

விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை உறுப்பினர் பதவி. அவ்வாண்டிலேயே வெளிவந்த தன்வரலாற்றுக்கு அவர் சூட்டிய பெயர் ஒரு சிட்டின் வீழ்ச்சியைக் குறிப்பது. காற்றுத் துப்பாக்கிக்கு இரையான அந்த மஞ்சள் தொண்டைச் சிட்டை அவர் மறக்கவேயில்லை. முகலாய மன்னர்களைப் பற்றி 1920களில் அவர் எழுதிய ஒரு தொடர் கட்டுரையை நம் வரலாற்று மாணவர்கள் தேடிப் படிக்கலாம். பேரரசர் ஜஹாங்கீர் ஒரு சாரஸ் கொக்கு இணைக்கு லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு, அவை மாறி மாறி அடைகாப்பதை நாள்தோறும் குறித்துவைத்த செய்தி போன்றவற்றை அவர் அரசியல் வரலாறாகப் படிக்கவில்லை; ஒரு சக நோக்கரின் குறிப்பேடாகவே படித்தார்.

1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் அவர் காலமானார். அவர் 1933இல் கூடாரமடித்து, பறவைவளம் மிக்கதென்று வியந்து எழுதிய தட்டேக்காடு அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே பறவைச் சரணாலயமாகியிருந்தது. 2009ஆம் ஆண்டு கேரளப் பறவைநோக்கர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, அவருடைய பழைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, மறையூரிலும் மூணாற்றிலும் குமுளியிலும் குரியார்குட்டியிலும் அவர் நின்ற இடங்களிலேயே நின்று மீண்டும் எண்ணினார்கள். துப்பாக்கி இல்லை, பைனாகுலரும் குறிப்பேடும் மட்டுமே. அவர் பெயரால் 1990இல் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வுமையம் கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில், நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது. அதற்குத் தெற்கேதான் பாலக்காட்டுக் கணவாய். நீலகிரியின் சோலைக்கிளி இன்றும் கடக்காத அந்தத் தாழ்நிலம்.